மச்சான் போடும் முதலும் நீங்கள் போடும் உழைப்பும்: பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்து விற்பதில் யாருக்கு எவ்வளவு?

கேள்வி: கோவையில் 12 வருடமாக வீடு கட்டும் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். 4 சென்ட்டில் 30 வருடப் பழைய தனிவீடு ஒன்று 60 லட்சத்துக்கு வருகிறது. 12 லட்சம் செலவழித்துச் சரிசெய்தால் 92 லட்சத்துக்குப் போகும் என்பது என் கணக்கு. மனைவியின் அண்ணன் 45 லட்சம் போடத் தயார். துபாயில் வேலை பார்க்கும் நண்பன் 30 லட்சம் தருகிறான். என்னிடம் 6 லட்சம்தான் இருக்கிறது, ஆனால் வேலை முழுக்க என்னுடையது. வரும் 20 லட்சத்தை மூன்றாகப் பிரிப்பதாகப் பேசினோம். இப்போது மச்சான் மாதம் ஒன்றரை வட்டியும் வேண்டும், லாபத்தில் பாதியும் வேண்டும் என்கிறார். பத்திரம் யார் பெயரில் போடுவது? நான் தனியாகச் சம்பளம் கேட்கலாமா? நஷ்டம் வந்தால் என்ன செய்வது? டைல்ஸ் கடைக்காரர் எனக்குத் தரும் கமிஷனை நானே வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

மச்சானை விடுங்கள், முதலில் துபாய் நண்பரைப் பார்ப்போம். பெரிய சிக்கல் அங்கேதான் இருக்கிறது, நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நிலம், கட்டடம் வாங்கி லாபத்துக்கு விற்கும் தொழிலில் உள்ள கூட்டு நிறுவனத்தில், வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் முதல் போட முடியாது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2019-இல் வந்த முதலீட்டு விதிகள் இதைத் தெளிவாகத் தடுக்கின்றன. ‘சரி, கடனாக வாங்கிக்கொள்கிறேன்’ என்றால் அதற்கும் வழியில்லை. அவர் உள்ளூரில் இருப்பவருக்கு ரூபாயில் கடன் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பணம் ரியல் எஸ்டேட் தொழிலுக்குப் போகக் கூடாது. மீறினால் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம். ‘ஊரில் இருக்கும் அவர் அப்பா பெயரில் போட்டுவிடலாம்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். மகன் அப்பாவுக்கு உண்மையாகவே அன்பளிப்பாகக் கொடுத்து, லாபமோ நஷ்டமோ அப்பாவுடையது என்றால் அது வேறு. பணம் மகனுடையது, பெயர் மட்டும் அப்பாவுடையது என்றால் பினாமி என்ற கேள்வியும் கூடவே வரும்.

அவருக்குச் சட்டப்படி திறந்திருப்பது ஒரு வழி. குடியிருப்பு வீட்டை அவர் தன் சொந்தப் பெயரில், வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து பணம் கொடுத்து வாங்கலாம். நீங்கள் அதைச் சரிசெய்து தரும் கான்ட்ராக்டர். நிலையான கூலி ஒன்று பேசிக்கொள்ளுங்கள். அதற்கு மேல், குறிப்பிட்ட விலையைத் தாண்டி விற்றால் தாண்டிய தொகையில் 20 சதவீதம் என்பதுபோல ஊக்கத்தொகை எழுதிக்கொள்ளலாம். ஆனால் இவர் விற்கும்போது, வாங்குபவர் வழக்கமான 1 சதவீத வரிப்பிடித்தத்தோடு விட முடியாது. 24 மாதத்துக்குள் விற்றால் பிடித்தம் 30 சதவீதத்துக்கு மேல் போகும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித் துறையில் முன்கூட்டியே வாங்கிவைக்காவிட்டால், பேரம் முடிந்த பிறகு வாங்குபவர் மிரண்டு ஓடுவார். துபாயிலிருந்து உங்களுக்குப் பவர் (அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) அனுப்புவதாக இருந்தால் அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்தை உறுதிசெய்து அனுப்ப வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிடவும் வேண்டும். இதையும் ஒரு வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு வீடு என்று அவர் வாங்கி விற்க ஆரம்பித்தால் அதுவே தொழில் ஆகிவிடும், மறுபடி அதே தடை. அவர் நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டால் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை.

ஆக, இந்த வீட்டுக்கு 30 லட்சம் குறைகிறது. மச்சானுடைய மனைவியோ உள்ளூரில் வேறு யாரோ தன் சொந்தப் பணத்தோடு வந்தால் மேலே போகலாம். இல்லாவிட்டால் சிறிய வீடாகப் பாருங்கள். அப்படி ஒருவர் வந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு மேற்கொண்டு சொல்கிறேன்.

20 லட்சம் என்ற எண்ணை அழித்துவிடுங்கள். வாங்கும் விலை 60 லட்சம். முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 5.4 லட்சம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு உங்கள் விலையைவிட அதிகமாக இருந்தால் 9 சதவீதம் அதன்மேல்தான் விழும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வக்கீல் கருத்து, பத்திர எழுத்தர், பட்டா மாற்றம் வகையில் 40,000. வாங்கும்போது புரோக்கருக்கு 1 சதவீதம், 60,000. மராமத்து 12 லட்சம், எதிர்பாராத செலவுக்கு அதில் 15 சதவீதம் சேர்த்து 13.8 லட்சம். ஒன்பது மாதத்துக்குக் கரண்ட், தண்ணீர், சொத்துவரி, காவல் எல்லாம் 40,000. இதுவரை 80.6 லட்சம். விற்கும்போது புரோக்கருக்கு 92,000. மொத்தம் 81.52. 92-இல் கழித்தால் மிஞ்சுவது 10.48 லட்சம். நீங்கள் நினைத்ததில் பாதிதான்.

இதிலிருந்து வட்டியைக் கழிப்போம். கிரயப் பணம் ஒன்பது மாதம் முடங்குகிறது. மராமத்துப் பணம் சராசரியாக ஆறு மாதம். மாதம் ஒரு வட்டி என்றால் சுமார் 6.83 லட்சம். மச்சான் கேட்கும் ஒன்றரை வட்டியை எல்லாருடைய பணத்துக்கும் போட்டால் 10.24 லட்சம். மிச்சம் 24,000 ரூபாய். அதில் பாதி வேண்டும் என்கிறார்.

மச்சானைக் குறை சொல்லவில்லை. 45 லட்சம் போடுகிறவர் கேட்கத்தான் செய்வார். அவர் தெளிவாக்க வேண்டியது ஒன்றே: வட்டிக்குக் கொடுக்கிறாரா, கூட்டுச் சேர்கிறாரா? வட்டிக்கு என்றால் புரோநோட்டோ அடமானப் பத்திரமோ எழுதி, வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் வட்டி வாங்கிக்கொள்ளட்டும், லாபத்தில் பங்கு கிடையாது. கூட்டாளி என்றால், 1932-ஆம் வருடக் கூட்டு வணிகச் சட்டப்படி முதலுக்கான வட்டி லாபம் இருந்தால்தான் வரும். இரண்டு மாட்டிலும் பால் கறக்க முடியாது.

நீங்கள் மூவரும் பேசியது ஒரே ஒரு எண், மூன்றில் ஒரு பங்கு. அந்த ஒரு எண்ணுக்குள் மூன்று தனித்தனி கணக்குகள் ஒளிந்திருக்கின்றன. பணத்துக்கு வாடகை, உழைப்புக்குக் கூலி, இரண்டும் போன பிறகு மிஞ்சுவதில் பங்கு. மூன்றையும் பிரித்து எழுதுங்கள். பிரிக்காத கூட்டில், வேலை இழுத்தால் பணம் போட்டவருக்கு எரிச்சல். வேலை சீக்கிரம் முடிந்தால், சும்மா இருந்தவருக்குச் சம பங்கா என்று உழைத்தவருக்கு எரிச்சல்.

பணத்துக்கு வருடம் 12 சதவீதம், அதாவது மாதம் ஒரு வட்டி, போதும். பணம் கணக்கில் ஏறிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். கூட்டு நிறுவனம் கூட்டாளிக்குக் கொடுக்கும் வட்டியில் 12 சதவீதம் வரைதான் வருமான வரியில் செலவாக ஏற்கப்படும் என்பதால் இந்த எண் வசதியானதும்கூட. ஒன்றரை வட்டி கொடுத்தால் மேற்கொண்டு கொடுக்கும் அரை வட்டிக்கு நிறுவனம் வரி கட்டியாக வேண்டும். உங்களுடைய 6 லட்சத்துக்கும் அதே வட்டி உண்டு, விட்டுக்கொடுக்காதீர்கள்.

கூலி கேட்கலாமா என்றால், கேட்க வேண்டும். கூட்டுப் பத்திரத்தில் எழுதாவிட்டால் சட்டப்படி ஒரு பைசா கிடையாது. கூட்டாளி தொழிலுக்கு உழைப்பதற்கு ஊதியம் இல்லை என்பதுதான் சட்டத்தின் இயல்பு நிலை. ‘பின்னர் பேசித் தீர்மானிக்கப்படும்’ என்று எழுதினாலும் வரிக் கணக்கில் நிற்காது. தொகையையோ கணக்கிடும் முறையையோ எழுதியே ஆக வேண்டும். உங்கள் தொழிலில் சூப்பர்விஷனுக்குச் செலவில் 10 சதவீதம் கேட்பது பழக்கம்தான். இங்கே அப்படிக் கேட்காதீர்கள். செலவு கூடக்கூட உங்கள் கூலி கூடும் என்ற ஏற்பாடு மச்சான் மனதில் முள்ளாகத் தைக்கும். 12 லட்ச மதிப்பீட்டில் 10 சதவீதம், 1.2 லட்சம் என்று மொத்தத் தொகையாக நிறுத்திவிடுங்கள். பாதியை வேலையின் கட்டங்களில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுபாதி விற்ற பிறகு.

கூட்டுப் பத்திரத்தில் பணம் இறங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். விற்ற பணத்தில் முதலில் வெளியாருக்குத் தர வேண்டியது. அடுத்து அவரவர் போட்ட முதல். பிறகு 12 சதவீத வட்டி. அதன்பின் உங்கள் கூலியின் மறுபாதி. வரி ஒதுக்கியது போக மிஞ்சுவதில் பாதி உங்களுக்கு, பாதி பணம் போட்ட மற்றவர்களுக்கு, அவரவர் முதலின் விகிதத்தில். உங்கள் கணக்கில் வட்டி, கூலி போக மிச்சம் 2.45 லட்சம். நிறுவனத்துக்கு வரி செஸ்ஸோடு 31.2 சதவீதம் போனால் 1.69 லட்சம். உங்கள் பாதி சுமார் 84,500. கூலி 1.2 லட்சம், உங்கள் முதலுக்கு வட்டி 54,000. ஆக ஒன்பது மாதத்துக்கு ஏறக்குறைய 2.6 லட்சம் உங்கள் கைக்கு வரும், அதில் வட்டிக்கும் கூலிக்கும் உங்கள் சொந்த வரி தனி. இந்தத் தொகை உங்களுக்குக் கட்டுமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள். கட்டாது என்றால் பங்கு விகிதத்தில் பேரம் பேசிப் பயனில்லை. விற்பவரிடம் பேசுங்கள். 60-ஐ 56 ஆக்கினால் விலையில் 4 லட்சம், பதிவில் 36,000, கமிஷனில் 4,000, ஆக 4.4 லட்சம் மிச்சம்.

மூன்றாகப் பிரித்து எழுதுவதில் இன்னொரு லாபம் உண்டு. வட்டியும் கூலியும் பத்திரத்தில் இல்லாவிட்டால் 10.48 லட்சம் முழுவதும் நிறுவன லாபமாகி 3.27 லட்சம் வரி போகும். எழுதியிருந்தால் நிறுவனத்தின் வரி 76,000 அளவில் நிற்கும், வட்டியும் கூலியும் அவரவர் வருமானத்தோடு சேர்ந்து அவரவர் விகிதத்தில் வரியாகும். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு கூட்டாளிக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளம், வட்டி கொடுத்தால் நிறுவனம் 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். ஆடிட்டரிடம் இதை முதல் மாதமே சொல்லிவையுங்கள். இரண்டு வருடம் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீத வரிதானே என்று யாராவது சொன்னால், அது முதலீடாக வாங்கி வைத்திருக்கும் சொத்துக்கு. விற்பதற்கென்றே நிறுவனம் வாங்கும் வீடு அதன் சரக்கு.

இனி, பத்திரம் யார் பெயரில்? உங்கள் ஒருவர் பெயரிலும் வேண்டாம், மச்சான் ஒருவர் பெயரிலும் வேண்டாம். பணம் ஒருவர், பெயர் ஒருவர் என்றால் பினாமித் தடைச் சட்டம் குறுக்கே வரும். கூட்டு நிறுவனம் தொடங்கி, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்து, நிறுவனத்தின் பெயரில் பான் எண்ணும் பேங்க் கணக்கும் எடுத்து, அந்தப் பெயரில் கிரயம் செய்யுங்கள். பதிவு செய்யாத நிறுவனமும் செல்லும், ஆனால் வெளியார்மேல் வழக்குப் போட முடியாது. டைல்ஸ் கடைக்காரர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சரக்கு அனுப்பாவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். எல்எல்பி (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) நல்ல ஏற்பாடு, சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் ஒரு வீட்டுக்காக வருடாவருடம் மே 30-க்கும் அக்டோபர் 30-க்கும் படிவம் தாக்கல் செய்துகொண்டிருப்பது வீண் பாரம். மூன்றாவது வீட்டுக்கு வரும்போது யோசியுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று. கூட்டாளி என்ற தகுதியால் மட்டும் ஒருவர் நிறுவனத்துக்காக அசையாச் சொத்து வாங்கவோ விற்கவோ முடியாது. கூட்டுப் பத்திரத்தில் வெளிப்படையாக அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். வாங்குவதற்கு இருவர் கையெழுத்து, விற்பதற்கு இருவர் கையெழுத்து, 25,000-க்கு மேல் காசோலைக்கு இருவர் கையெழுத்து, அதற்குக் கீழே உங்கள் ஒரு கையெழுத்து என்று எழுதுங்கள். ஒவ்வொரு கொத்தனார் கூலிக்கும் மச்சானைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

விற்பவர் ‘பத்திரத்தில் 40 காட்டுங்கள், 20 கையில் கொடுங்கள்’ என்று கேட்கக்கூடும். வழிகாட்டி மதிப்பு இடம் கொடுத்தால் பதிவுச் செலவில் 1.8 லட்சம் குறைவது கண்ணுக்குத் தெரியும். சட்டத்துக்கு மாறானது என்பது ஒருபுறம், கணக்கே உதைக்கிறது. நீங்கள் விற்கும்போது வாங்குபவர் பேங்க் லோனில் வருவார், 92-ம் வெள்ளையாகத்தான் வரும். கணக்கில் இல்லாத 20 லட்சமும் லாபமாகி 6.24 லட்சம் வரி கேட்கும். அட்வான்ஸையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சொத்து பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். 50 லட்சம் தொட்ட கிரயத்தில் 1 சதவீதத்தை வாங்குபவர் பிடித்துக் கட்ட வேண்டும். வாங்கும்போது அது உங்கள் வேலை.

நஷ்டத்துக்கு வருவோம். ஒன்றும் எழுதாவிட்டால் லாபமும் நஷ்டமும் சமம். வீடு 78-க்குத்தான் போனது என்றால் நஷ்டம் வட்டி சேர்க்காமலே 3.4 லட்சத்துக்குப் பக்கம், உங்கள் கூலி முழுவதும் கொடுத்திருந்தால் 4.6 லட்சத்துக்குப் பக்கம். 6 லட்சம் போட்டவரும் 45 லட்சம் போட்டவரும் அதைச் சமமாகச் சுமப்பார்கள். இப்படி எழுதச் சொல்வேன்: நஷ்டம் வந்தால் யாருக்கும் வட்டியில்லை, உங்கள் கூலியின் மறுபாதி போகும், அதற்குமேல் உள்ளது முதலின் விகிதத்தில். ஏற்கெனவே வாங்கிய பாதிக் கூலியைத் திருப்பித் தரத் தேவையில்லை. மச்சானுக்கு இது கசக்கலாம். ஒன்பது மாத உழைப்பு உங்கள் பங்கு நஷ்டம் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டைத் தாண்டும் செலவு தனி. 30 வருட வீட்டில் எது காத்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மேல்தளத்தில் கம்பி துருப்பிடித்து காங்கிரீட் பெயர்ந்திருக்கும், பாத்ரூமில் தாழ்த்திப் போட்ட தளமான சங்கன் ஸ்லாபில் கசிவு இருக்கும், சுவருக்குள் ஜிஐ பைப் அடைத்திருக்கும், நிலைக்கதவில் கரையான் இருக்கும். உடைத்தால்தான் தெரியும் குறைகளுக்கு ஆகும் செலவு நிறுவனத்தினுடையது. போட்டோவோடு வாட்ஸாப்பில் அனுப்பி, 48 மணி நேரத்துக்குள் மச்சான் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். சதுர அடியை நீங்கள் குறைத்துப் போட்டதாலோ டைல்ஸ் கணக்குத் தப்பியதாலோ கூடும் செலவு உங்கள் கூலியில் கழியும். இந்தக் கோடு எங்கே என்பதுதான் பின்னாளில் சண்டை. ஆகவே வாங்குவதற்கு முன்பே மேல்தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, எங்கெங்கே பொள்ளல் சத்தம் வருகிறது என்று சுண்ணாம்பால் குறியிட்டுப் படம் எடுத்து மதிப்பீட்டோடு இணைத்துவிடுங்கள். குறியிட்ட இடம் உங்கள் கணக்குக்குள், மற்றது வெளியே.

கையில் 81 லட்சம், தேவை 80.6, வேலையின்போது நீங்கள் வாங்கும் பாதிக் கூலியும் சேர்ந்தால் 81.2. இது நெருக்கடியான கணக்கு. மேற்கொண்டு பணம் தேவைப்பட்டால் யார் எவ்வளவு கொடுப்பார், கொடுக்க மறுத்தால் மற்றவர் கொடுப்பதற்கு என்ன வட்டி என்று இப்போதே எழுதுங்கள். எழுதாவிட்டால் முதலுக்கு மேல் கொடுத்த பணத்துக்குச் சட்டம் தருவது 6 சதவீதம்தான்.

விற்காமல் நிற்கும் வீட்டுக்கும் ஒரு பிரிவு வேண்டும். ஒன்பதாவது மாதம் முடிந்தால் கேட்கும் விலை 3 சதவீதம் குறையும். பன்னிரண்டாவது மாதம், பேங்க் மதிப்பீட்டாளர் இருவர் தரும் மதிப்பின் சராசரியில் ஒரு கூட்டாளி மற்றவரை வாங்கிவிடலாம். யாரும் வாங்கவில்லை என்றால் கிடைத்த நல்ல விலைக்கு விற்பதை ஒருவர் தடுக்க முடியாது. மாதம் 80,000-க்குப் பக்கமாக வட்டி ஓடும்போது, ‘தை பிறந்தால் விலை ஏறும்’ என்று காத்திருப்பது உங்கள் பங்கைத்தான் முதலில் தின்னும்.

வாங்கும் முன் பேங்க் லோனுக்குக் கருத்து எழுதும் வக்கீலிடம் காகிதங்களைக் காட்டுங்கள். மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கம், வாரிசுச் சான்று, அங்கீகரித்த பிளான் இருக்க வேண்டும். பிளானில் இல்லாத மாடி அறை இருந்தால் உங்களிடம் வாங்குபவருக்கு லோன் சிக்கலாகும், 92 லட்சம் ரொக்கமாக வைத்திருப்பவரைத்தான் தேட வேண்டியிருக்கும். பதிவுச் செலவை மிச்சம்பிடிக்க வெறும் பவர் வாங்கிக்கொண்டு 12 லட்சம் வேலையை இறக்காதீர்கள். விற்பவர் இறந்தால் பவர் ஆட்டம் காணும். பவரை வைத்துப் பதிவு செய்யவும் அவர் உயிரோடிருப்பதற்கான சான்று கேட்பார்கள்.

‘அடுத்த வீட்டுக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேரிடம் ஆளுக்கு 2 லட்சம், நிச்சயம் 15 சதவீதம்’ என்ற யோசனை இந்தப் பேச்சிலிருந்து முளைக்கும். அதைத் தொடாதீர்கள். கூட்டாளி போடும் முதல் வேறு. பலரிடம் நிச்சய வருமானம் சொல்லிப் பணம் வாங்குவது, ஒழுங்குபடுத்தாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019 சட்டத்திலும், முதலீட்டாளர்களைப் பாதுகாக்கும் தமிழ்நாட்டின் 1997 சட்டத்திலும் கொண்டுபோய் நிறுத்தும்.

டைல்ஸ் கடைக் கமிஷன். கூட்டாளி நிறுவனத்தின் வேலையில் தனியாக அடையும் லாபம் நிறுவனத்துக்குச் சேர வேண்டியது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே ‘எனக்குத் தரும் கமிஷனைப் பில்லிலேயே கழித்துவிடுங்கள்’ என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். பில் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். அந்தக் கமிஷனையும் நம்பித்தான் கூலியைக் குறைவாகப் பேசினீர்கள் என்றால், கூலியை 1.2-லிருந்து 1.5 ஆக்கிக் கேளுங்கள், வெளிச்சத்தில் கேளுங்கள். பெயிண்ட் டப்பாவுக்குள் கிடக்கும் டோக்கனை மட்டும் யாரும் கணக்குக் கேட்க வேண்டாம். அது பெயிண்டருடையது.